293318625600 (எண்)

293318625600 (இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு இலட்சத்து இருபத்தைந்தாயிரத்து அறுநூறு) என்பது பன்னிரண்டு இலக்கங்கள் கொண்ட ஓர் இயல் எண் ஆகும். இது ஓர் உயர் பகு எண். அதாவது, தன்னைவிடச் சிறிய எந்த இயல் எண்ணையும் விட அதிகமான வகுஎண்களைக் கொண்டது. இதன் வகுஎண்களின் எண்ணிக்கை 5040.

கணித மேதை சீனிவாச இராமானுசன் 1915-ஆம் ஆண்டில் வெளியிட்ட உயர் பகு எண்களின் அட்டவணையில் 102 எண்கள் உள்ளன. அவ்வட்டவணை பரவும் எல்லைக்குள் அடங்கியிருந்தும் அதில் இடம்பெறாமல் விடுபட்ட எண் 293318625600 ஆகும். இதனாலேயே இவ்வெண் எண் கோட்பாட்டு நூல்களில் தனியாகக் குறிப்பிடப்படுகிறது. அட்டவணையின் இறுதியில் உள்ள 6746328388800 என்ற எண், விடுபட்ட இவ்வெண்ணின் சரியாக 23 மடங்கு என்பது குறிப்பிடத்தக்கது.

உயர் பகு எண் - வரையறை

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் அதன் வகுஎண்கள் எனப்படும். எடுத்துக்காட்டாக, 12-இன் வகுஎண்கள் 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு. 12-ஐ விடச் சிறிய எந்த எண்ணுக்கும் நான்கு வகுஎண்களுக்கு மேல் இல்லை. எனவே 12 ஓர் உயர் பகு எண் ஆகும். உயர் பகு எண்களின் வரிசை 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840, 1260, 1680, 2520, 5040 எனத் தொடங்கி முடிவின்றிச் செல்கிறது.

இவற்றுள் சிறியவை அன்றாட வாழ்வில் நன்கு அறியப்பட்டவை. ஒரு நாளுக்கு 24 மணி அல்லது 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம், தமிழ் ஆண்டுகளின் 60 ஆண்டுச் சுழற்சி, வட்டத்தின் 360 பாகை ஆகிய அளவுகள் யாவும் உயர் பகு எண்களே. பாதி, மூன்றிலொன்று, கால் என்று பல வகையாகப் பங்கிட்டாலும் மீதி வராமை இவ்வெண்களின் பயனாகும்.

ஓர் எண்ணின் வகுஎண்களை ஒவ்வொன்றாகத் தேட வேண்டியதில்லை. எண்ணைப் பகா எண்களின் அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்குடனும் 1 கூட்டி, வரும் எண்களைப் பெருக்கினால் போதுமானது. சென்னையின் தென்புறநகரான சிட்லபாக்கத்தின் அஞ்சல் குறியீட்டு எண்ணை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 600064 = 2¹¹ × 293. ஆகவே அதன் வகுஎண்கள் 12 × 2 = 24. அதைவிடச் சிறிய எண்ணான 554400 = 2⁵ × 3² × 5² × 7 × 11. இதன் வகுஎண்களோ 6 × 3 × 3 × 2 × 2 = 216. முன்னதில் 2 என்ற ஒரே பகா எண் பதினொரு முறை அடுக்கப்பட்டுள்ளது. பின்னதில் அடுக்குகள் பல சிறிய பகா எண்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளன. வகுஎண்களின் எண்ணிக்கையை நிர்ணயிப்பது எண்ணின் பருமன் அன்று, இப்பகிர்வே என்பது இதிலிருந்து விளங்கும்.

காரணிப்படுத்தல்

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

வகுஎண்களின் எண்ணிக்கை = 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040

உயர் பகு எண்களுக்கு இராமானுசன் நிறுவிய விதிகள் இக்காரணிப்படுத்தலில் தெளிவாகக் காணப்படுகின்றன:

* 2-இலிருந்து தொடங்கி 19 வரை எந்தப் பகா எண்ணும் விடுபடவில்லை. ஒரு பகா எண்ணை விட்டுவிட்டு அதைவிடப் பெரியதைச் சேர்த்திருந்தால், பெரியதற்குப் பதிலாகச் சிறியதை இட்டு, அதே எண்ணிக்கையில் வகுஎண்கள் உள்ள சிறிய எண்ணைப் பெறலாம்.
* அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1 என்று ஒருபோதும் கூடாமல் செல்கின்றன. பெரிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கு இருப்பின், அடுக்குகளை இடம் மாற்றிச் சிறிய எண்ணைப் பெறலாம்.
* இறுதிப் பகா எண்ணான 19-இன் அடுக்கு 1. உயர் பகு எண்களுள் 4, 36 ஆகிய இரண்டு மட்டுமே இவ்விதிக்கு விலக்கு.

அடுக்குகளைப் பகிர்வதில் உள்ள சமநிலையை உணர இரு எல்லைகளை நோக்கலாம். 2-ஐ மட்டுமே பெருக்கிப் பெறப்படும் 2³⁸ = 274877906944 என்ற எண்ணுக்கு 39 வகுஎண்கள் மட்டுமே உண்டு. மறுபுறம், முதல் பதினொரு பகா எண்களை ஒவ்வொரு முறை மட்டும் பெருக்கினால் 200560490130 கிடைக்கும். இதற்கு 2048 வகுஎண்கள் உண்டு. இவ்விரண்டும் 293318625600-ஐ விடச் சிறியவை. ஆனால் பருமனில் அதற்கு நெருங்கியவை. ஒன்று ஒரே பகா எண்ணை அளவுக்கு மீறி அடுக்கியது. மற்றொன்று பகா எண்களை அளவுக்கு மீறிச் சேர்த்தது. 5040 வகுஎண்கள் இவ்விரு எல்லைகளுக்கும் இடையில்தான் கிடைக்கின்றன.

வரிசையில் இடம்

1-ஐ முதலாவதாகக் கொண்டால் 293318625600 தொண்ணூற்றொன்றாவது உயர் பகு எண் ஆகும். இதற்கு முந்தைய உயர் பகு எண் 240940299600. அதன் வகுஎண்கள் 4800. அடுத்தது 321253732800, அதன் வகுஎண்கள் 5376. இராமானுசனின் அட்டவணை 4800-இலிருந்து நேராக 5376-க்குச் சென்றுவிடுகிறது.

இடையில் உள்ள இவ்வெண் ஏன் எளிதில் புலப்படுவதில்லை என்பதை 13967553600 = 2⁶ × 3³ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 என்ற உயர் பகு எண்ணிலிருந்து தொடங்கிக் காணலாம். இதற்கு 2688 வகுஎண்கள் உண்டு. இதனைச் சில முழு எண்களால் பெருக்கும்போது கிடைக்கும் வகுஎண்களின் எண்ணிக்கை வருமாறு:

* 14-ஆல் பெருக்கினால் 4608
* 17-ஆல் பெருக்கினால் 4032
* 18-ஆல் பெருக்கினால் 4608
* 19-ஆல் பெருக்கினால் 4032
* 20-ஆல் பெருக்கினால் 4608
* 21-ஆல் பெருக்கினால் 5040
* 22-ஆல் பெருக்கினால் 4608
* 23-ஆல் பெருக்கினால் 5376

14, 18, 20, 22 ஆகிய நான்கும் ஒரே விடையான 4608-ஐத் தருகின்றன. 23 புதிய பகா எண் ஆதலால் வகுஎண்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குகிறது. அடுத்த உயர் பகு எண்ணான 321253732800 இவ்வாறே கிடைக்கிறது. இவற்றுக்கிடையில் 21 மட்டும் தனித்து நிற்கிறது. 21 = 3 × 7 ஆதலால், 3-இன் அடுக்கு மூன்றிலிருந்து நான்காகவும், 7-இன் அடுக்கு ஒன்றிலிருந்து இரண்டாகவும் உயர்கின்றன. வகுஎண்களின் எண்ணிக்கை முதலில் 5/4 மடங்காகவும், பின்னர் 3/2 மடங்காகவும், ஆக மொத்தம் 15/8 மடங்காகவும் பெருகுகிறது. 2688 × 15/8 = 5040. அதாவது, புதிய பகா எண் எதையும் சேர்க்காமல், பழைய பகா எண்கள் இரண்டின் அடுக்குகளை ஒரே நேரத்தில் உயர்த்தினால்தான் இவ்வெண் கிடைக்கிறது.

மேற்கண்ட பட்டியல் விளக்கத்திற்கு உரியதே. முழுமையான நிறுவல் அன்று. முந்தைய உயர் பகு எண்ணான 240940299600, 13967553600-இன் முழு மடங்கு அன்று (17.25 மடங்கு). முழுமையாகச் சரிபார்க்க, 293318625600-ஐ விடச் சிறியனவும் மேற்கூறிய விதிகளுக்கு உட்பட்டனவுமான எல்லா அடுக்கு வரிசைகளையும் ஆராய வேண்டும். முதல் பன்னிரண்டு பகா எண்களின் பெருக்கற்பலன் (7420738134810) இவ்வெண்ணைவிடப் பெரியது. ஆதலால் முதல் பதினொரு பகா எண்களுக்கு அப்பால் செல்லத் தேவையில்லை. ஆராய வேண்டியவை முடிவுறு எண்ணிக்கையிலானவை. இன்று கணினி இதனை நொடியில் முடித்துவிடும்.

இராமானுசனின் கட்டுரை

இராமானுசன் (1887–1920) ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். 1912-ஆம் ஆண்டு மார்ச் மாதம் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1913 சனவரியில் கேம்பிரிட்ச்சுப் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் ஹார்டிக்குத் தம் முடிவுகளை எழுதி அனுப்பினார். அதே ஆண்டு மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. 1914 மார்ச் 17 அன்று அவர் சென்னையிலிருந்து கப்பலில் இங்கிலாந்து புறப்பட்டார்.

உயர் பகு எண்கள் பற்றிய அவரது நீண்ட கட்டுரை, இலண்டன் கணிதக் கழகத்தின் நடவடிக்கை ஏட்டில் 1915-இல் வெளிவந்தது. உயர் பகு எண் என்னும் கருத்தை வரையறுத்துப் பெயரிட்டு, அதன் பண்புகளை முறையாக ஆராய்ந்த கட்டுரை இதுவாகும். இந்த ஆய்வின் அடிப்படையில் 1916 மார்ச்சில் கேம்பிரிட்ச்சு அவருக்கு ஆய்வுவழி இளங்கலைப் பட்டம் அளித்தது. இந்தியாவில் கல்லூரித் தேர்வுகளில் தேறாமல் பட்டம் பெற இயலாதிருந்த அவருக்கு இது முதல் பட்டமாகும். சமனிலிகளைக் கையாள்வதில் இராமானுசனுக்கு இருந்த அசாதாரணத் திறமைக்கு ஹார்டி இக்கட்டுரையைச் சான்றாகக் காட்டினார்.

கட்டுரையில் இடம்பெற்ற அட்டவணை 2-இல் தொடங்கி 6746328388800-இல் முடிகிறது. இவ்வெல்லைக்குள் உண்மையில் 103 உயர் பகு எண்கள் உள்ளன. அட்டவணையில் 102 உள்ளன. மின்னணுக் கணினிகள் தோன்றுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன் தயாரிக்கப்பட்ட அட்டவணை அது. பதின்மூன்று இலக்கங்கள் வரை செல்லும் அவ்வட்டவணையில் ஓர் எண் மட்டுமே விடுபட்டுள்ளது.

விடுபட்டதன் விளைவு

ஓர் எண் அட்டவணையில் விடுபட்டதால் கட்டுரையின் தேற்றங்கள் எவையும் பிழையாகவில்லை. இராமானுசனின் நிறுவல்கள் அட்டவணையை நோக்கிப் பெறப்பட்டவை அல்ல. அவை எல்லா உயர் பகு எண்களுக்கும் பொதுவாக நிறுவப்பட்டவை. அட்டவணை அவற்றுக்கு எடுத்துக்காட்டாகவே அமைந்தது. எண் கோட்பாட்டில் நிறுவலுக்கும் அட்டவணைக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் உணர்வதற்கு இது நல்ல சான்றாகும். அட்டவணை எவ்வளவு நீண்டதாயினும் அதில் ஒன்று விடுபட வாய்ப்புண்டு. நிறுவலோ அட்டவணையில் இல்லாத எண்ணையும் கட்டுப்படுத்துகிறது. அட்டவணையில் இடம்பெறாத 293318625600, அதே கட்டுரையின் விதிகள் அனைத்தையும் வழுவாது நிறைவு செய்கிறது.

கட்டுரையில் தனிச்சிறப்புடன் ஆராயப்படும் மேன்மை உயர் பகு எண்களின் வரிசையும் பாதிக்கப்படவில்லை. மேன்மை உயர் பகு எண்கள் என்பவை உயர் பகு எண்களுள் இன்னும் கடுமையான நிபந்தனைக்கு உட்படுபவை. இவ்வரிசையில் ஒவ்வோர் எண்ணும் முந்தைய எண்ணை ஒரு பகா எண்ணால் பெருக்கக் கிடைக்கிறது: 2, 6, 12, 60, 120, 360, 2520, 5040 எனத் தொடங்கி, 13967553600, 321253732800, 2248776129600 எனச் செல்கிறது. இவற்றை வரிசையாகக் கண்டறிய எளிய முறை உண்டு. 293318625600 இவ்வகையைச் சேர்ந்தது அன்று. 13967553600, 321253732800 ஆகிய அடுத்தடுத்த இரு மேன்மை உயர் பகு எண்களுக்கு இடையில் அமைவது. இவ்வாறு இடையில் அமையும் எண்களுக்கு நேரடியான வாய்பாடு இல்லை. அவற்றைத் தேடித்தான் காண வேண்டும்.

பிற பண்புகள்

* 293318625600 = 2520² × 46189. இதில் 2520 என்பது 1 முதல் 10 வரையுள்ள எண்களின் மீச்சிறு பொது மடங்கு; 46189 = 11 × 13 × 17 × 19. எனவே இவ்வெண்ணை வகுக்கும் வர்க்க எண்களுள் மிகப் பெரியது 2520² = 6350400. இதன் வகுஎண்களுள் வர்க்க எண்கள் மொத்தம் 48.
* இவ்வெண் 1 முதல் 22 வரையுள்ள எல்லா எண்களாலும் வகுபடும். 30 வரை நோக்கினால் 23, 29 ஆகிய இரண்டால் மட்டுமே வகுபடாது. 1 முதல் 22 வரையுள்ள எண்களின் மீச்சிறு பொது மடங்கு 232792560; இதன் 1260 மடங்கே 293318625600. 1260-உம் ஓர் உயர் பகு எண் ஆகும்.
* சரியாக 5040 வகுஎண்கள் கொண்ட எண்களுள் மிகச் சிறியது இதுவே.
* வகுஎண்களின் எண்ணிக்கையான 5040-உம் ஓர் உயர் பகு எண். 7-இன் தொடர்பெருக்கமும் (1 × 2 × 3 × 4 × 5 × 6 × 7) ஆகும். 5040-இன் வகுஎண்கள் 60; 60-இன் வகுஎண்கள் 12; 12-க்கு 6; 6-க்கு 4. இவை அனைத்தும் உயர் பகு எண்கள். 4-க்கு 3 வகுஎண்கள் என்ற நிலையில் இச்சங்கிலி அறுகிறது. 3 உயர் பகு எண் அன்று.
* வகுஎண்களுள் ஒற்றை எண்கள் 720. இரட்டை எண்கள் 4320.
* இவ்வெண்ணை இரண்டு எண்களின் பெருக்கற்பலனாக 2520 விதங்களில் எழுதலாம். அவற்றுள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய இணை 541450 × 541728. இவற்றின் வேறுபாடு 278 மட்டுமே. இதனால் இவ்வெண்ணை 541589² − 139² என்று இரு வர்க்கங்களின் வேறுபாடாகவும் எழுதலாம்.
* எல்லா வகுஎண்களின் கூட்டுத்தொகை 1642243014720. இது எண்ணின் ஏறத்தாழ 5.6 மடங்கு. வகுஎண்களின் கூட்டுத்தொகை எண்ணின் இரு மடங்கை மிஞ்சுவதால் இது ஒரு மிகையெண் ஆகும்.
* இவ்வெண்ணைவிடச் சிறியனவாய், இதனுடன் 1 தவிர வேறு பொது வகுஎண் இல்லாதனவாய் உள்ள எண்கள் 50164531200. இது எண்ணில் ஏறத்தாழ 17 விழுக்காடு.
* இலக்கங்களின் கூட்டுத்தொகை 45.

பிற்கால ஆய்வுகள்

1915-இல் இலண்டன் கணிதக் கழகம் பண நெருக்கடியில் இருந்ததால் இராமானுசனின் கட்டுரை முழுவதும் அச்சிடப்படவில்லை. எஞ்சிய பகுதி, அவரது தொலைந்த குறிப்பேட்டுடன் சேர்த்து, 1988-இல் புது தில்லியில் வெளியிடப்பட்ட தொகுதியில் முதன்முதலாக அச்சேறியது. பிரெஞ்சுக் கணிதவியலாளர்களான ழான் லூயி நிக்கோலா, கி ரோபன் ஆகியோர் அதனைக் குறிப்புரைகளுடன் 1997-இல் இராமானுசன் பெயரிலான ஆய்விதழின் முதல் தொகுதியில் வெளியிட்டனர்.

இதற்கிடையில், உயர் பகு எண்கள் எவ்வளவு அடர்த்தியாக அமைந்துள்ளன என்ற வினாவை அங்கேரியக் கணிதவியலாளர் பால் ஏர்டோசு 1944-இல் ஆராய்ந்தார். அடுத்தடுத்த உயர் பகு எண்களின் விகிதம் 1-ஐ நெருங்கிச் செல்கிறது என்பதை இராமானுசன் முன்னரே நிறுவியிருந்தார். அவ்வாறு நெருங்கும் வேகத்திற்கு ஏர்டோசு வரம்பு கண்டார். எண்கள் பெரிதாகும்போது உயர் பகு எண்கள் ஒன்றையொன்று நெருங்கிவருவதால், தேடலில் ஒன்று தவறிப்போகும் வாய்ப்பும் கூடுகிறது என்பது இதிலிருந்து பெறப்படும்.

வகுஎண்களின் கூட்டுத்தொகை பற்றிய ஆய்வு ரீமன் கருதுகோளுடன் தொடர்புடையது. 5040-ஐ விடப் பெரிய ஒவ்வோர் எண்ணுக்கும், வகுஎண்களின் கூட்டுத்தொகையை அவ்வெண்ணால் வகுத்து வரும் ஈவு, எண்ணின் இயல் மடக்கையின் இயல் மடக்கையை ஏறத்தாழ 1.781 என்னும் மாறிலியால் பெருக்கக் கிடைக்கும் அளவைவிடக் குறைவாக இருக்குமானால் ரீமன் கருதுகோள் உண்மையாகும். கருதுகோள் உண்மையானால் இச்சமனிலியும் உண்மையாகும். இதனை ரோபன் 1984-இல் நிறுவினார். 293318625600-ஐப் பொறுத்தவரை ஈவு ஏறத்தாழ 5.60, வரம்பு ஏறத்தாழ 5.83. எனவே சமனிலி நிறைவு பெறுகிறது. எல்லா எண்களுக்கும் அது நிறைவு பெறுமா என்பது இன்னும் தீர்க்கப்படாத கணக்காகும்.

இவற்றையும் பார்க்கவும்

* சீனிவாச இராமானுசன்
* உயர் பகு எண்
* 1729 (எண்)
* 5040 (எண்)
* பகா எண்
* ரீமன் கருதுகோள்